பின்வரிசைக்காரர்

சென்ற மாசி மாதத்து மாலைப்பொழுது ஒன்று. பூநகரியில் அரிவு வெட்டு முடிந்திருந்தது. மொட்டைக்கருப்பன் விளைந்த வயலொன்றில் நான்கு தடிகளை நட்டு, எங்கள் ஊர்ச் சிறுவர்கள் உதைபந்தாட ஆயத்தமாகிக்கொண்டிருந்தார்கள். அணி பிரிக்கையில் எழுந்த சச்சரவைக் கேட்டு நான் வரம்பில் நின்றேன்.

"சேர், என்னைத்தான் எப்பவும் பின்னுக்கு விடுகினம். முன்னுக்கு நிண்டாத்தானே கோல் அடிக்கலாம்!" என்று முறையிட்டான் ஒருவன்.

முப்பது ஆண்டுகள் கரும்பலகை முன் நின்ற எனக்கு அப்போது விடை வரவில்லை. நானும் அந்த வயதிலே பின்னுக்கு நிறுத்தப்பட்டவன்தான். அந்த மனக்குறை இன்னும் முற்றாகத் தீர்ந்ததென்று சொல்லமாட்டேன். வீடு திரும்பும் வழியில் ஜர்னைல் சிங்கின் நினைவு வந்தது.

1936-இல் பிறந்த பஞ்சாபியர் அவர். மாகில்பூர் கால்சாக் கல்லூரியில் ஆடிப் பழகிக் கல்கத்தா சென்று, 1959 முதல் ஏறக்குறையப் பத்தாண்டுகள் மோகன் பகான் கழகத்தின் பின்வரிசையைக் காத்தார். 1960-இல் ரோம் ஒலிம்பிக்கிலும் ஆடினார். எதிராளியின் காலிலிருந்து பந்தைப் பறிப்பதே அவர் தொழில். அதில் அவருக்கு நிகரானவர் அக்காலத்து ஆசியாவில் மிகச் சிலரே.

1962-இல் ஜகார்த்தாவில் ஆசிய விளையாட்டு விழா. தாய்லாந்துடன் ஆடிய ஆட்டத்தில் ஜர்னைலின் தலை பிளந்து தையலிட வேண்டியதாயிற்று. அத்தலையோடு பின்வரிசையில் உயரப் பந்துகளை எதிர்கொள்வது எங்ஙனம்? பயிற்றுநர் சையத் அப்துல் ரகீம் ஒரு துணிச்சலான முடிவெடுத்தார்: காயமுற்றவரை வீட்டுக்கு அனுப்பாமல், முன்வரிசைக்கு அனுப்பினார்! அரையிறுதியில் தென் வியட்நாமுக்கு எதிராக ஜர்னைல் ஒரு கோல் அடித்தார். இந்தியா 3–2 என வென்றது.

செப்டெம்பர் 4-ஆம் நாள் இறுதியாட்டம்; எதிரணி தென் கொரியா. இஸ்ரேலையும் தைவானையும் விழாவுக்குச் சேர்க்காததை இந்திய அதிகாரி ஒருவர் கண்டித்திருந்தபடியால், மைதானம் நிறைந்த கூட்டம் இந்தியரைக் கண்டதும் கூச்சலிட்டது. அந்த இரைச்சலுக்கிடையே பி. கே. பானர்ஜி முதற்கோலை அடித்தார். சில நிமிடங்களில் ஜர்னைல் இரண்டாவதை அடித்தார். கடைசி நேரத்தில் கொரியர் ஒன்றைத் திருப்பினர். 2–1. தங்கப் பதக்கம் இந்தியாவுக்கு.

ஜர்னைல் விட்டுவந்த இடத்தில் அன்று நின்றவர் அருண் கோஷ். கோல் வாயிலில் நின்றவர் தமிழரான பீட்டர் தங்கராஜ். அவர்கள் எத்தனை பந்துகளை மறித்தார்கள்? எந்தப் பதிவேட்டிலும் நான் அதைக் கண்டதில்லை. ஜர்னைலைப் பற்றி எழுதுவோரும், அவர் ஆயுள் முழுவதும் தடுத்தவற்றை விட்டுவிட்டு அந்த ஜகார்த்தாக் கோலையே சொல்கிறார்கள். 1964-இல் அருச்சுனா விருது, பின்பு இந்திய அணியின் தலைமை, 2000-இல் கனடாவின் வான்கூவரில் மரணம் என்று மிகுதி வாழ்க்கை இரண்டு வரிகளில் முடிந்துவிடுகிறது. கணக்கெழுதத் தெரிந்த உலகம் கோலை மட்டும் எண்ணக் கற்றுக்கொண்டது!

மறுநாள் மாலை அந்தச் சிறுவனை அழைத்து, வரப்பில் இருத்தி, இக்கதை முழுவதையும் சொன்னேன். கண் கொட்டாமல் கேட்டான். எனக்கும் உள்ளூர ஒரு பெருமிதம்.

"அப்ப சேர், நல்லா மறிக்கிறவனை ஒரு நாளைக்கு முன்னுக்கும் விடுவினம் என்ன? இண்டைக்கு என்னை விடச் சொல்லுங்கோ" என்றான்.