இரண்டு சாவி

ஓர் இரும்புப் பெட்டி. மேலே உறை நுழையும் அளவுக்கு ஒரு பிளவு, முன்னால் இரண்டு பூட்டு. ஒரு சாவி அதிகாரியிடம், இன்னொன்று கணக்கரிடம். திருத்தணி மாதிரி ஊரில் அரசு அலுவலகத்துக்கு மேசை நாற்காலி வாங்குவதென்றாலும் மருத்துவமனைக்குப் போர்வை வாங்குவதென்றாலும், ஒரு காலத்தில் அந்தப் பிளவு வழியாகத்தான் விலை உள்ளே விழும்.

பிற்பகல் 3 மணிக்குப் பெட்டியை மூடுவார்கள். அரை மணி கழித்து, வந்திருப்பவர்கள் முன்னிலையில் திறப்பார்கள். அரக்கு முத்திரை உடையாமல் இருக்கிறதா என்று பார்த்து, நான்கு உறை என்றால் 1/4, 2/4 என்று எண் போட்டு, விலையில் அடித்தல் திருத்தல் இருந்தால் வட்டமிட்டுச் சுருக்கொப்பம் வைத்து, ஒவ்வொன்றாக உரக்கப் படிப்பார்கள். முறை கறாராகத்தான் இருந்தது. கோளாறு பெட்டிக்கு வெளியே. டெண்டர் விளம்பரம் எந்த நாளிதழின் எந்தப் பதிப்பில் வந்தது என்பது வேண்டியவருக்கே தெரியும். படிவம் கேட்டுப் போனால், "தீர்ந்துபோச்சு, நாளைக்கு வாங்க" என்ற பதில். கடைசி நாளில் பெட்டியருகே நாலு பேர் சும்மா நிற்பார்கள். புதிதாக உறையோடு வந்தவர் அவர்களைப் பார்த்ததும் திரும்பிவிடுவார். உள்ளே விழுந்த நாலு உறையும் ஒரே டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து எழுதியவையாக இருக்கும். தொழிலில் இதற்கு 'சிண்டிகேட்' என்று பெயர்.

இந்த ஊருக்கு இன்னொரு சிக்கலும் உண்டு. சித்தூர் மாவட்டத்தில் இருந்த திருத்தணி, ம.பொ.சி. நடத்திய வடக்கெல்லைப் போராட்டத்துக்குப் பிறகு, 1960 ஏப்ரல் 1-இல் சென்னை மாநிலத்தோடு சேர்ந்தது. எல்லை மாறினாலும் சந்தை மாறவில்லை. எல்லைக்கு அப்பால் உள்ள நகரியிலிருந்து சரக்கு வருவதும் இங்கிருந்து போவதும் நிற்கவில்லை. ஆனால் டெண்டர் விளம்பரம் மட்டும் எல்லையைத் தாண்டாது.

தமிழ்நாடு ஒப்பந்தப்புள்ளிகளில் வெளிப்படைத்தன்மைச் சட்டம் 1998-இல் வந்தது, விதிகள் 2000-இல். யார் கோருவது, யார் ஏற்பது, எத்தனை நாள் அவகாசம் என்பதெல்லாம் எழுத்தில் ஏறியது. முடிவில் குறை கண்டவர் 10 நாளுக்குள் அரசிடம் மேல்முறையீடு செய்யலாம். பிறகு பெட்டியே இணையத்துக்குப் போனது. இன்று நகரிக்காரரும் நாமக்கல்காரரும் ஒரே நேரத்தில் அறிவிப்பைப் பார்க்கிறார்கள். படிவம் தீர்ந்துபோவதில்லை. வாசலில் ஆள் நிறுத்த வாசலும் இல்லை. ஆனால் அந்த இரண்டு சாவிப் பழக்கம் போகவில்லை. மின்னணு டெண்டரையும் ஒருவர் தனியாகத் திறக்க முடியாது. நியமிக்கப்பட்ட இருவராவது தத்தம் டிஜிட்டல் கையொப்பக் கருவியைக் கணினியில் செருக வேண்டும்.

விலை வந்துசேரும் வழி இப்படிச் சுத்தமானது. வருகிற பொருள்?

அன்று கொள்முதல் அதிகாரிக்கு வாசலில் நின்ற ஆட்களிடம் பயம். இன்று தணிக்கைக் குறிப்பைக் கண்டு பயம். குறைந்த விலை சொன்னவரை, அதாவது 'எல்-1'ஐ விட்டுவிட்டு அடுத்தவரிடம் வாங்கினால் காரணம் எழுத வேண்டும். பல ஆண்டு கழித்தும் அதற்குப் பதில் சொல்ல வேண்டும். எல்-1ஐ எடுத்துக்கொண்டால் யாரும் கேட்கமாட்டார்கள். இது எங்கே கொண்டுபோய் விடும் என்பதை இங்கிருந்து சுமார் 65 கிலோமீட்டரில் உள்ள திருப்பதி 2024-இல் காட்டியது. லட்டு நெய்யில் கலப்படம் என்ற சர்ச்சை எழுந்தபோது, கிலோ 320 ரூபாய் அளவுக்குக்கூட நெய் வாங்கப்பட்டதும், தேவஸ்தானத்துக்குச் சொந்தமாகக் கலப்படப் பரிசோதனைக் கூடம் இல்லாததும் நிர்வாகத்தின் வாயாலேயே வெளிவந்தன. அந்த விலைக்குச் சுத்தமான நெய் கட்டுப்படியாகுமா என்பது வீட்டில் வெண்ணெய் காய்ச்சுகிறவர்களுக்குத் தெரியும்.

திருத்தணி மலைமேல் உள்ள கோயிலில் 2021 செப்டம்பரிலிருந்து நாள் முழுவதும் அன்னதானம் நடக்கிறது. முன்பு மதியம் ஒரு பந்தி அளவுக்கு வாங்கிய அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாம் இப்போது காலை முதல் இரவு வரைக்கும் வேண்டும். நெய்யைப் பொறுத்தவரை, கோயில்கள் ஆவினிடமே வாங்க வேண்டும் என்று அறநிலையத் துறை சொல்லிவிட்டது. விலைப் போட்டியை விட்டு விலகுவதும் சில பொருளுக்கு நல்ல கொள்முதல்தான்.

எல்லாப் பொருளுக்கும் அப்படி ஓர் ஆவின் கிடைக்காது. அதற்கும் தமிழ்நாட்டிலேயே விடை இருக்கிறது. அரசு மருத்துவமனைகளுக்கு மருந்து வாங்க 1994-இல் தொடங்கிய தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம் இரண்டு உறை முறையைக் கொண்டுவந்தது. முதல் உறையில் தகுதி. அதில் தேறினால்தான் விலை உறையைப் பிரிப்பார்கள். மாத்திரை வந்ததும் ஒவ்வொரு தொகுப்பிலும் மாதிரி எடுத்து, தயாரித்தவர் பெயரை மறைத்து ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவார்கள். தேறாத சரக்கு திரும்பிப் போகும். ஒவ்வோர் அரசு மருத்துவமனைக்கும் ஒரு பாஸ்புக். ஒதுக்கிய தொகைக்குள் தனக்கு வேண்டியதைக் கிடங்கிலிருந்து எடுத்துக்கொள்ளும். கேரளமும் ராஜஸ்தானும் பின்னர் இந்த வழிக்கு வந்தன. இங்கேயும் மலிவு விலைதான் ஜெயிக்கிறது. ஆனால் சரக்கு சோதனையில் தேறினால்தான்.

அன்றும் இன்றும் இந்த வேலையின் உயிர் இரண்டு இடத்தில்தான். ஒன்று, விவரக்குறிப்பு எழுதும் மேசை. 'நல்ல தரமான அரிசி' என்று எழுதினால் எது வந்தாலும் வாங்கியாக வேண்டும். ரகம், ஈரப்பதம், உடைசல் எத்தனை சதவீதம் என்று எழுதியிருந்தால் திருப்பி அனுப்பலாம். இன்னொன்று, லாரி வந்து நிற்கும் கிடங்கு வாசல். அடியில் கிடக்கும் மூட்டையை இழுக்கச் சொல்லி, பக்கவாட்டில் குத்தூசியைச் செருகி, உள்ளங்கையில் விழும் அரிசியை ஊதிப் பார்த்து, இரண்டை வாயில் போட்டுக் கடிக்கிறவர்தான் உண்மையான கொள்முதல் அதிகாரி. மேல் மூட்டையில் மட்டும் நல்ல அரிசி வைக்கும் வித்தை பெட்டிக் காலத்திலும் இருந்தது, இணையக் காலத்திலும் இருக்கிறது.