கோடு போட்டுப் பிடித்த கோட்டை

அமெரிக்காவின் வட கரோலினா மாநிலத்தில் கிரீன்ஸ்பரோ என்றொரு நகரம். அங்கே ஏ அண்ட் டி பல்கலைக்கழக வளாகத்துக்குள் லாரல் ஸ்ட்ரீட் என்ற சின்னத் தெரு ஓடுகிறது. 2016-இல் அந்தத் தெருவைத் தொகுதி எல்லையாக்கிவிட்டார்கள். தெருவுக்கு இந்தப் பக்கம் இருந்த விடுதிகள் 6-ஆவது தொகுதி, அந்தப் பக்கம் இருந்தவை 13-ஆவது தொகுதி. ஒரே வகுப்பில் பாடம் கேட்டு, ஒரே கேன்டீனில் சாப்பிடும் இரண்டு நண்பர்கள் தேர்தல் நாளில் வேறு வேறு வேட்பாளர்களுக்கு ஓட்டுப் போட வேண்டியிருந்தது.

கறுப்பின மாணவர்களுக்காகத் தொடங்கப்பட்ட பல்கலைக்கழகங்களில் நாட்டிலேயே பெரியது அது. 1960 பிப்ரவரி 1 அன்று, வெள்ளையருக்கு மட்டும் பரிமாறிய உல்வொர்த் கடையின் உணவுமேடையில் போய் உட்கார்ந்து நாட்டையே திரும்பிப் பார்க்க வைத்த நான்கு இளைஞர்கள் இங்கே படித்தவர்கள்தான். வளாகத்து ஓட்டுகள் பெரும்பாலும் ஜனநாயகக் கட்சிக்கு விழும். இரண்டாகப் பிரித்ததும் அந்த ஓட்டுகள் சுற்றுவட்டார ஓட்டுகளில் கரைந்துபோயின. 2016, 2018 இரண்டு தேர்தல்களிலும் அந்த இரண்டு தொகுதிகளிலும் வென்றது குடியரசுக் கட்சி.

அமெரிக்க நாடாளுமன்றத்தின் கீழவையான பிரதிநிதிகள் சபையில் 435 இடங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை எல்லா இடங்களுக்கும் தேர்தல். பத்தாண்டுக்கு ஒருமுறை மக்கள்தொகைக் கணக்கெடுப்பு முடிந்ததும், எந்த மாநிலத்துக்கு எத்தனை இடம் என்று பங்கிடுகிறார்கள். வட கரோலினாவுக்கு 13 இருந்தது. 2020 கணக்கெடுப்பில் மக்கள்தொகை 1 கோடியே 4 லட்சத்தைத் தாண்டியதால் 14 ஆனது. தொகுதிக்குச் சுமார் 7.45 லட்சம் பேர்.

இதுவரை சிக்கல் இல்லை. அந்த 14 தொகுதிகளின் எல்லையை வரைவது யார் என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இந்தியாவில் இதற்கென்று தொகுதி மறுவரையறை ஆணையம் அமைக்கிறார்கள். அமெரிக்காவில் சில மாநிலங்களில் மட்டுமே தனி ஆணையம். பெரும்பாலான மாநிலங்களில் சட்டமன்றமே வரைகிறது. அங்கே பெரும்பான்மை வைத்திருக்கும் கட்சியின் கையில் பேனா. வட கரோலினாவில் ஆளுநர் பெரும்பாலான மசோதாக்களை மறுக்கலாம். தொகுதி வரைபடத்தை மறுக்க முடியாது.

பேனா என்ன செய்யும்? ஒரு சின்னக் கணக்கு. ஓர் ஊரில் 50 ஓட்டுகள், 5 தொகுதிகள், தொகுதிக்கு 10 ஓட்டு. நீலக் கட்சிக்கு 26 பேர், சிவப்புக் கட்சிக்கு 24 பேர். வரைவது சிவப்புக் கட்சி. முதல் தொகுதியில் நீலக் கட்சிக்காரர்கள் 10 பேரை மொத்தமாக அடைத்துவிடுகிறது. மீதி 16 பேரை உடைத்து, மற்ற நான்கு தொகுதிகளுக்கும் நான்கு நான்கு பேராகப் பிரித்துப் போடுகிறது. அந்த நான்கிலும் சிவப்புக்கு ஆறு, நீலத்துக்கு நான்கு. முடிவு: 24 ஓட்டு வாங்கிய கட்சிக்கு 4 இடம், 26 வாங்கிய கட்சிக்கு 1. கள்ள ஓட்டு ஒன்றுகூட இல்லை; எண்ணிக்கையிலும் பிழையில்லை.

அடைப்பதும் உடைப்பதுமான இந்த வேலைக்கு ஜெரிமாண்டரிங் என்று பெயர். 1812-இல் மாசசூசெட்ஸ் ஆளுநராக இருந்த எல்பிரிட்ஜ் ஜெரி ஒப்புதல் தந்த வரைபடத்தில் ஒரு தொகுதி சாலமாண்டர் என்ற பல்லி போன்ற பிராணியின் வடிவில் நெளிந்து கிடந்தது. ஆளுநரின் பெயரையும் பிராணியின் பெயரையும் ஒட்டி ஒரு பத்திரிகை உருவாக்கிய கேலிச்சொல், அகராதியிலேயே ஏறிவிட்டது.

வட கரோலினாவில் இந்தக் கணக்கு நிஜத்திலும் நடந்தது. 2012 தேர்தலில் மாநிலம் முழுவதும் விழுந்த ஓட்டில் ஜனநாயகக் கட்சிக்குப் பாதிக்குச் சற்று மேல் கிடைத்தது. இடங்கள்? 13-இல் 4. குடியரசுக் கட்சிக்கு 9.

அந்த வரைபடத்தில் இரண்டு தொகுதிகள் இன அடிப்படையில் வரையப்பட்டவை என்று 2016-இல் கூட்டாட்சி நீதிமன்றம் ரத்து செய்தது. சட்டமன்றம் மறுபடி வரைய உட்கார்ந்தது. குழுவை வழிநடத்திய குடியரசுக் கட்சியின் டேவிட் லூயிஸ், 10 இடம் எங்கள் கட்சிக்கு, 3 இடம் எதிர்க்கட்சிக்கு வரும்படி வரையலாம் என்று பகிரங்கமாகவே சொன்னார். ஏன் 10-3? 11-2 வரும்படி வரைய முடியும் என்று தோன்றவில்லை, அதனால்தான் என்று காரணமும் சொன்னார். ஒளிவுமறைவு எதுவும் இல்லை. இனத்தைப் பார்த்து வரைவது சட்டப்படி தவறு. கட்சியைப் பார்த்து வரைவது தவறு என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் முடிவாகச் சொல்லியிருக்கவில்லை. அந்த இடைவெளியில்தான் அவர் நின்று பேசினார். அவர் சொன்னபடியே 2016-இல் 10-3.

அந்த வரைபடத்தை எதிர்த்த வழக்கு அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை போனது. 2019 ஜூன் 27 அன்று ஐந்துக்கு நான்கு என்று தீர்ப்பு. இந்த வரைபடங்கள் நியாயமாகத் தெரியவில்லைதான், ஆனால் கட்சி லாபத்துக்காக வரைந்ததைக் கூட்டாட்சி நீதிமன்றங்கள் விசாரிக்க இயலாது என்று தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ் எழுதினார். மாநில நீதிமன்றங்கள் பார்த்துக்கொள்ளலாம் என்று கதவை லேசாகத் திறந்து வைத்தார்.

அந்தக் கதவு வழியே நுழைந்த வழக்குகள் வட கரோலினாவை ஊஞ்சலாக்கிவிட்டன. மாநில நீதிமன்றம் தலையிட்டதும் வரைபடம் மாறி, 2020-இல் 8-5 ஆனது. 2022 பிப்ரவரியில் மாநில உச்ச நீதிமன்றம் சட்டமன்றத்தின் அடுத்த வரைபடத்தையும் நிராகரிக்க, நீதிமன்றம் நியமித்த நிபுணர்கள் வரைந்து கொடுத்தார்கள். அந்தத் தேர்தலில் 7-7.

ஆனால் வட கரோலினாவில் நீதிபதிகளும் ஓட்டு வாங்கித்தான் பதவிக்கு வர வேண்டும். அதே 2022 நவம்பரில் குடியரசுக் கட்சியைச் சேர்ந்த நீதிபதிகள் பெரும்பான்மை ஆனார்கள். 2023 ஏப்ரலில் அதே நீதிமன்றம், ஓராண்டுக்குமுன் தானே தந்த தீர்ப்பைத் திருப்பிப் போட்டது. அக்டோபரில் புது வரைபடம். 2024-இல் 10-4.

மக்கள் மனம் அப்படி மாறிவிட்டதா என்றால், இல்லை. 2024 நவம்பரில் இதே வாக்காளர்கள் அதிபர் பதவிக்கு டிரம்பைச் சுமார் மூன்று சதவீத வித்தியாசத்தில் ஜெயிக்க வைத்தார்கள். அதே சீட்டில் ஆளுநராக ஜனநாயகக் கட்சியின் ஜோஷ் ஸ்டைனைத் தெளிவான பெரும்பான்மையுடன் தேர்ந்தெடுத்தார்கள். மாநிலம் முழுக்க ஒரே தொகுதி என்றால் தராசு அந்தப் பக்கமும் இந்தப் பக்கமும் சாய்கிறது. பதினான்காக வெட்டினால் ஒரே பக்கம்தான்.

இதில் அடிபட்டவர்கள் வேட்பாளர்கள் மட்டுமில்லை. ஜனநாயகக் கட்சி உறுப்பினர்கள் மூவர், புது எல்லைகளைப் பார்த்தபின் 2024-இல் தங்கள் இடங்களுக்குப் போட்டியே போடவில்லை. அவர்களில் ஜெஃப் ஜாக்சன் மாநில அட்டர்னி ஜெனரல் பதவிக்கு நின்று வென்றார். தொகுதியில் தோற்றுவிடுவார் என்று கணக்குப் போடப்பட்டவரை மாநிலம் முழுவதும் சேர்ந்து தேர்ந்தெடுத்தது. கிரீன்ஸ்பரோ இருக்கும் கில்ஃபோர்ட் கவுன்ட்டி மூன்று தொகுதிகளாகச் சிதறியது. அவற்றில் ஒன்றான 6-ஆவது தொகுதியில் 2024-இல் ஜனநாயகக் கட்சி வேட்பாளரையே நிறுத்தவில்லை.

குடியரசுக் கட்சி மட்டும் செய்கிற வேலை என்று இதை நினைக்க வேண்டாம். 1990-களின் தொடக்கத்தில் இதே சட்டமன்றம் ஜனநாயகக் கட்சியின் கையில் இருந்தபோது வரைந்த 12-ஆவது தொகுதி, ஐ-85 நெடுஞ்சாலையை ஒட்டிச் சுமார் 160 மைல் நாடாவைப்போல நீண்டது. காரின் இரண்டு கதவுகளையும் திறந்து வைத்துக்கொண்டு அந்தச் சாலையில் போனால் தொகுதியில் பெரும்பாலானோர் அடிபட்டுச் செத்துவிடுவார்கள் என்று ஒரு சட்டமன்ற உறுப்பினர் கிண்டலடித்தார். ஆனால் அந்த வரைபடத்துக்கு இன்னொரு முகமும் உண்டு. 1901-க்குப் பிறகு இந்த மாநிலத்திலிருந்து கறுப்பினத்தவர் ஒருவர்கூட நாடாளுமன்றம் போனதில்லை. 1992-இல் ஈவா கிளேட்டனும் மெல் வாட்டும் வென்றதால்தான் அந்த நிலை முடிந்தது. இன்றும் இல்லினாய் மாநிலத்தின் 17 இடங்களில் 14 ஜனநாயகக் கட்சியிடம் இருக்கிறது என்றால், அதற்கும் அக்கட்சி வரைந்த எல்லைகள்தான் முக்கியக் காரணம்.

கணக்கெடுப்புக்குப் பிறகு ஒருமுறை வரைந்தால் பத்தாண்டு தாங்கும் என்ற மரபும் இப்போது போய்விட்டது. 2025 ஆகஸ்டில் டிரம்பின் வற்புறுத்தலால் டெக்சாஸ் நடுவிலேயே வரைந்தது. பதிலடியாகக் கலிஃபோர்னியா வரைந்தது. அக்டோபரில் வட கரோலினாவும் மறுபடி பேனாவைத் திறந்தது. இந்த முறை குறி 1-ஆவது தொகுதி. ஈவா கிளேட்டன் தொடங்கி முப்பது ஆண்டுக்கும் மேலாகக் கறுப்பினத்தவரைத் தேர்ந்தெடுத்து வரும் தொகுதி அது. அங்கே ஜனநாயகக் கட்சியின் டான் டேவிஸ் 2024-இல் இரண்டு சதவீதத்துக்கும் குறைந்த வித்தியாசத்தில் தப்பியிருந்தார். அந்தத் தொகுதி கைமாறினால் 11-3.

2016-இல் டேவிட் லூயிஸ் முடியாது என்று நினைத்த எல்லையை நோக்கி வரைபடம் நகர்ந்துகொண்டிருக்கிறது. 2012 முதல் 2026 வரை வட கரோலினாவுக்கு எட்டு நாடாளுமன்றத் தேர்தல்கள், ஆறு வரைபடங்கள். 2026 நவம்பர் 3 தேர்தலில் மாநில உச்ச நீதிமன்றத்தின் ஓர் இடத்துக்கும் வாக்குப்பதிவு உண்டு.