மரபு விழா மேடையில் யார் பேச வேண்டும்?

செப்டம்பர் பிறந்துவிட்டால் தூத்துக்குடியின் அலுவலகங்களுக்கும் ஆலைகளுக்கும் விழாக் காலம். 5-ஆம் தேதி வ.உ.சி. பிறந்தநாள். 17-ஆம் தேதி பெரியார் பிறந்தநாள். 2021 முதல் அதைச் சமூகநீதி நாளாகத் தமிழ்நாடு அரசு கடைப்பிடிக்கிறது. ஏப்ரலில் 5-ஆம் தேதி தேசியக் கடல்சார் நாள், 14-ஆம் தேதி அம்பேத்கர் பிறந்தநாளான சமத்துவ நாள். மாலை அணிவிப்பு, உறுதிமொழி, தலைமையுரை, சிறப்புரை, நன்றியுரை என்று நிகழ்ச்சி நிரல் ஆண்டுதோறும் மாறாமல் வரும். அதில் உட்கார்ந்து யோசிக்க வேண்டிய இடம் ஒன்றுதான்: சிறப்புரைக்கு யாரை அழைப்பது? அந்தக் கேள்வியைத்தான் கடைசி வாரத்துக்குத் தள்ளிவைக்கிறோம். தேதி ஒத்துவருகிறவர், கூட்டத்தைக் கலையாமல் வைத்திருக்கிறவர், மேலிடத்துக்குப் பிடித்தவர் என்று யாரோ ஒருவர் வந்து பேசிவிட்டுப் போகிறார். ஒரு தொழிலின், ஒரு மக்களின் மரபைக் கொண்டாடும் நாளில் அந்தத் தொழிலில் உழைத்தவர்கள்தான் முதலில் பேச வேண்டும். யார் பேசுவது என்று முடிவுசெய்யும் இடத்திலும் அவர்கள் இருக்க வேண்டும். விழாவின் மற்ற சடங்குகளெல்லாம் அதற்குப் பிறகுதான்.

இந்தக் கேள்வியோடு நம்மைவிட நீண்ட காலம் மல்லுக்கட்டியவர்கள் அமெரிக்கக் கறுப்பின மக்கள். பிப்ரவரி மாதத்தில் அங்கே கறுப்பின வரலாற்று மாதம் கொண்டாடப்படுகிறது; பிரிட்டனில் 1987 முதல் அக்டோபரில் நடக்கிறது. நிறுவனங்கள் போட்டிபோட்டுக்கொண்டு சிறப்புப் பேச்சாளர்களை அழைக்கின்றன. இதற்கெல்லாம் வித்திட்டவர் கார்ட்டர் வுட்சன். அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்கு 1875-இல் பிறந்தவர். ஹார்வர்டில் முனைவர் பட்டம் பெறுவதற்குப் பல ஆண்டுகள் முன்பு, இளைஞராக மேற்கு வர்ஜினியாவின் நிலக்கரிச் சுரங்கங்களில் வேலை பார்த்தார். ஆலிவர் ஜோன்ஸ் என்ற சக சுரங்கத் தொழிலாளி, அமெரிக்க உள்நாட்டுப் போரில் போரிட்டவர், தம் வீட்டைக் கறுப்பினத் தொழிலாளர்கள் கூடும் இடமாக வைத்திருந்தார். அங்கே புத்தகங்கள் இருந்தன. ஜோன்ஸுக்குப் படிக்கத் தெரியாது. வேலை முடிந்த மாலைகளில் வுட்சன் பத்திரிகைகளை உரக்கப் படித்துக் காட்ட, மற்றவர்கள் தாங்கள் கண்ட போரையும் அடிமை வாழ்வையும் சொல்லிச் சொல்லி விவாதித்தார்கள். 1926-இல் அவர் தொடங்கிய கறுப்பின வரலாற்று வாரம்தான் பின்னர் மாதமாக விரிந்தது. அதன் வேர், எழுதப் படிக்கத் தெரியாத ஒரு தொழிலாளியின் வீட்டுத் திண்ணைப் பேச்சில் இருக்கிறது. பணியிடத்து மரபு விழாவுக்கு இதைவிடப் பொருத்தமான முன்னோடி கிடையாது.

அழைக்கப்பட்ட பேச்சாளர் என்ன செய்ய முடியும் என்பதற்கு வுட்சனுக்கும் முந்தைய சான்று ஒன்று உண்டு. அடிமைத்தளையிலிருந்து தப்பி வந்த ஃபிரெடரிக் டக்ளஸை 1852 ஜூலை 5 அன்று ராச்செஸ்டர் நகரில், அடிமைமுறையை எதிர்த்த பெண்கள் சங்கத்தினர் சுதந்திர நாள் உரையாற்ற அழைத்தார்கள். தேசத்தை நிறுவியவர்களை மரியாதையோடு குறிப்பிட்டுவிட்டு, இந்தக் கொண்டாட்டத்தில் அடிமைக்கு என்ன பங்கு என்று கூட்டத்தைப் பார்த்து நேரே கேட்டார் அவர். விழாவைக் கெடுத்துவிட்டார் என்று அன்று சிலருக்குத் தோன்றியிருக்கலாம். ஆனால் அந்த ஆண்டு நாடு முழுவதும் நடந்த சுதந்திர நாள் உரைகளில் இன்றும் படிக்கப்படுவது அதுதான். அந்தச் சங்கத்தினர் ஓர் அலங்காரப் பேச்சாளரை அழைத்திருந்தால் விழா சுகமாக முடிந்திருக்கும், மறந்தும் போயிருக்கும்.

இப்போது நம் கரைக்கு வருவோம். வ.உ.சி. விழாக்களில் கப்பலும் செக்கும் பேசப்படாமல் இருப்பதில்லை. 1906-இல் சுதேசிக் கப்பல் கம்பெனியைப் பதிவுசெய்து, ஆங்கிலேயக் கம்பெனிக்கு எதிராகக் கொழும்புக்குக் கப்பல் விட்டது பெரும் சாதனைதான். ஆனால் 1908 பிப்ரவரி 27 அன்று கோரல் மில் என்ற நூற்பாலையின் தொழிலாளர்கள் வேலையை நிறுத்தி வெளியே வந்ததும் இதே ஊரில்தான். வ.உ.சி.யும் சுப்பிரமணிய சிவாவும் துணை நின்றார்கள். ஒரு வாரத்துக்குச் சற்று மேல் நடந்த அந்தப் போராட்டத்தின் முடிவில் 50 சதவீதக் கூலி உயர்வும் வார விடுமுறையும் கிடைத்தன. வேலைநிறுத்தத்தை எதிர்த்தவர்களுக்குச் சவரம் செய்யவும் துணி வெளுக்கவும் மாட்டோம் என்று ஊரின் உழைப்பாளிகள் மறுத்தார்கள். தலைவர்களின் பெயர் ஒவ்வொரு மேடையிலும் ஒலிக்கிறது. பஞ்சுத் தூசிக்குள் நின்றவர்களும், கத்தியைக் கீழே வைத்த நாவிதரும் எத்தனை சிறப்புரைகளில் வருகிறார்கள்? இந்த வரலாற்றில் சாதாரண மக்களின் பங்கை ஆவணங்களிலிருந்து மீட்டெடுத்த ஆ.இரா. வேங்கடாசலபதியின் நூலுக்கு 2024-ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது கிடைத்திருக்கிறது. நூல் சொல்லிவிட்டது, மேடை இன்னும் சொல்லவில்லை.

முத்துக்குளித்தலை எடுத்துக்கொள்வோம். தூத்துக்குடி என்றாலே முத்துநகர் என்கிறோம். பதாகைகளில் சிப்பியும் முத்தும் மின்னுகின்றன. குளித்தவர் எப்படிக் குளித்தார் என்று கேட்டால் பதில் சொல்ல ஆள் தேட வேண்டியிருக்கிறது. பதினைந்து இருபது கிலோ கல்லைக் கயிற்றில் கட்டி அதில் காலை ஊன்றி இறங்குவார். தரை தொட்டதும் கல்லை விடுவார். மேலே இருப்பவர் அதை இழுத்துக்கொள்வார். ஒரே மூச்சில், ஒரு நிமிடத்துக்குச் சற்று முன்பின்னாக, கை எட்டும் சிப்பிகளையெல்லாம் வலைப்பையில் வாரிப் போட்டுவிட்டுக் கயிற்றைச் சுண்டுவார். அந்தச் சுண்டலை உணர்ந்து இழுக்கும் கையில் அவர் உயிர் இருந்தது. தூத்துக்குடியில் முத்துச் சிலாபம் கடைசியாக நடந்தது 1955 முதல் 1961 வரை. அன்று இருபது வயது இளைஞராகக் கடலில் இறங்கியவர் இன்று எண்பதைத் தாண்டியவர். சங்கு குளிப்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள். முத்துக் குளித்த கடைசித் தலைமுறையோ கரைந்துகொண்டே வருகிறது. அவர்களை அழைப்பதை அடுத்த ஆண்டுக்குத் தள்ளிப்போட நமக்கு உரிமை இல்லை.

உப்பளத்திலும் இதே கதைதான். உப்பு ஏதோ வெயிலில் தானாக விளைவதாகப் பலர் நினைக்கிறார்கள். கடல்நீரை ஒரு பாத்தியிலிருந்து இன்னொரு பாத்திக்கு மாற்றி வற்றவைத்து, சுண்ணாம்புச் சத்து படிந்த பிறகு, நீரின் அடர்த்தி போமே அளவில் ஏறத்தாழ இருபத்தைந்து டிகிரியை எட்டும்போது உப்பு கட்டத் தொடங்கும். முப்பதை நெருங்கவிட்டால் கசப்பு ஏறிவிடும். அந்த அளவைக் கருவி இல்லாமல் நீரின் நிறத்திலும் உப்பின் மணியிலும் கண்டுசொல்லும் பெண்கள் அளங்களில் இருக்கிறார்கள். ராஜம் கிருஷ்ணன் இந்த அளங்களுக்கு வந்து கேட்டறிந்து ‘கரிப்பு மணிகள்’ எழுதினார். ஒரு நாவலாசிரியர் தேடி வந்து கேட்டதை, அதே ஊரின் நிறுவனங்கள் மகளிர் தினத்தில்கூடக் கேட்பதில்லை. பழைய துறைமுகத்திலிருந்து மாலத்தீவுக்குத் தோணி ஓட்டிய தண்டல்களும் அப்படித்தான். எந்த மாதம் கச்சான் வீசும், எப்போது கடல் தோணியைத் தாங்காது என்று அறிந்தவர்கள் கடல்சார் நாளில் பார்வையாளர் வரிசையில்கூட இருப்பதில்லை.

இந்தக் கரைக்கும் கறுப்பின மக்களின் வரலாற்றுக்கும் நேரடி உறவும் உண்டு. 1658-இல் தூத்துக்குடியைப் பிடித்த டச்சுக் கம்பெனி முத்தையும் துணியையும் மட்டும் வாங்கவில்லை. 1673-ஐ ஒட்டி மதுரைச் சீமையைப் பஞ்சம் தாக்கியபோது மனிதர்களையும் வாங்கிக் கப்பலேற்றியது. 1673 முதல் 1677 வரை இந்தக் கரையிலிருந்து 1,839 பேர் அடிமைகளாக ஏற்றுமதி செய்யப்பட்டதாக டச்சு ஆவணங்களை ஆராய்ந்த வரலாற்றாய்வாளர் மார்க்கஸ் விங்க் கணக்கிடுகிறார். அதே கம்பெனி தென்னாப்பிரிக்காவின் கேப் டவுனில் ஆப்பிரிக்கர்களையும் மடகாஸ்கர்க்காரர்களையும் இந்தியர்களையும் ஒரே கூரையின் கீழ் அடிமைகளாக அடைத்து வைத்தது. கறுப்பின மரபு விழா நமக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டு வழக்கம் என்று தள்ளிவிட முடியாது. அந்த 1,839 பேரில் பெயர் தெரிந்தவர்கள் யார்? பொருளாகக் கணக்கெழுதப்பட்டவர்களின் குரல் ஆவணத்தில் இல்லை. பின்வந்த உழைப்பாளிகளின் குரலும் அதேபோல் காணாமல் போகாதிருக்க, அவர்கள் உயிரோடு இருக்கும்போதே கேட்பது ஒன்றுதான் வழி.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றில் நியாயமும் இருக்கிறது. முதலாவது: துறைமுகத்தில் முப்பது வருஷம் மூட்டை சுமந்த அண்ணாச்சிக்கு மேடையில் பேச வராது, கூட்டம் எழுந்து போய்விடும் என்பது. மைக்கைக் கையில் கொடுத்து “பேசுங்கள்” என்றால் அப்படித்தான் ஆகும். ஜோன்ஸின் வீட்டில் யாரும் சொற்பொழிவாற்றவில்லை. ஒருவர் படித்தார், மற்றவர்கள் பதில் சொன்னார்கள். விவரம் தெரிந்த இளம் ஊழியர் ஒருவர் முன்கூட்டியே அவரைப் பார்த்துப் பேசி, மேடையில் கேள்விகளாகக் கேட்டால் போதும். கன்டெய்னர் வருவதற்கு முன் ஒரு கப்பலை எத்தனை பேர், எத்தனை நாளில் காலி செய்தீர்கள் என்ற ஒரு கேள்விக்கு அவர் சொல்லும் பதிலைக் கேட்காமல் எழுந்து போகிற துறைமுக ஊழியர் இருக்க மாட்டார்.

இரண்டாவது மறுப்பு சாதியைப் பற்றியது. இந்த மாவட்டத்தில் அதை லேசாக எடுத்துக்கொள்ள முடியாது. ஒரு சமூகத்தவரை மேடையேற்றினால் இன்னொரு சமூகம் கோபிக்கும், பழைய குறைகள் வெடிக்கும் என்று நிர்வாகங்கள் அஞ்சுகின்றன. தொழிலை அடிப்படையாகக் கொண்டு தேர்ந்தெடுப்பது இந்த அச்சத்தைப் பெருமளவு குறைக்கும். முத்துப்பாரில் பரதவர்களும் குளித்தார்கள், கீழக்கரை முஸ்லிம்களும் குளித்தார்கள். இருவரையும் ஒரே மேடையில் அமர்த்துவதே வரலாற்றுக்கும் உண்மை. ஆனால் யார் மனமும் நோகாத பேச்சாளராகப் பார்த்துச் சமத்துவ நாளை நடத்துவது அந்த நாளுக்கே இழைக்கும் துரோகம். தீண்டாமையை அனுபவித்தவர் அதைச் சொல்ல வரும்போது வேறு பேச்சுக்குத் திருப்பக் கூடாது. குறை மேடையில் பிறப்பதில்லை. வேலைத்தளத்தில் ஏற்கெனவே இருப்பதுதான் மேடையில் ஒலிக்கிறது.

மூன்றாவது மறுப்பை அறிஞர்கள் எழுப்புகிறார்கள்: நினைவு தவறும், ஆண்டுகள் குழம்பும், பெருமைக் கதைகள் நுழையும். உண்மைதான். அதனால் வரலாற்றாய்வாளரைத் தவிர்க்க வேண்டியதில்லை. உழைத்தவருக்குப் பக்கத்தில் அமர்த்தினால் போதும். ஆவணம் ஆண்டைத் திருத்தும். அனுபவம் ஆவணத்தின் மௌனத்தை நிரப்பும். இரண்டும் ஒருவரிடமே கூடிவருவதும் உண்டு. உவரியில் பிறந்து கப்பல் துறையில் பணியாற்றிய ஜோ டி குருஸ், தம் கரையின் கதையை ‘கொற்கை’யாக எழுதி 2013-இல் சாகித்திய அகாதமி விருது பெற்றார். அப்படிப்பட்டவர்கள் இன்னும் உருவாக வேண்டுமென்றால், பேசும் வாய்ப்பு முதலில் கிடைக்க வேண்டும்.

நடைமுறையில் செய்ய வேண்டியவை அதிகமில்லை. விழாக் குழுவில் ஒப்பந்தத் தொழிலாளர், பெண்கள், ஓய்வுபெற்றோர் ஆகியோரின் பிரதிநிதிகள் இருக்கட்டும். பேச்சாளரைக் குறைந்தது இரண்டு மாதம் முன்பே முடிவுசெய்யட்டும். நட்சத்திரப் பேச்சாளருக்குத் தரும் மதிப்பூதியத்தையும் வாகனத்தையும் உப்பளத் தொழிலாளிக்கும் தர வேண்டும். அவர் அன்று இழக்கும் கூலி நிறுவனத்தின் பொறுப்பு. அவரிடம் துயரத்தை மட்டும் கேட்கக் கூடாது. அவர் கைத்திறனையும் கணக்கையும் உத்தியையும் கேட்க வேண்டும். அவர் ஓர் ஆசிரியராக வந்திருக்கிறார். பேச்சைப் பதிவுசெய்து, அவர் சம்மதத்தோடு நிறுவனத்தின் நூலகத்திலும் ஊர்ப் பள்ளிகளிலும் வைக்க வேண்டும். ஆண்டுக்கு நான்கு விழா, விழாவுக்கு ஒருவர் என்றால்கூட, பத்து ஆண்டுகளில் ஒரு நிறுவனத்திடம் நாற்பது பேரின் குரல் சேர்ந்துவிடும். இந்தக் கரையின் உழைப்பு வரலாற்றுக்கு அதைவிட நல்ல ஆவணக் காப்பகம் கிடைக்காது. வ.உ.சி. கோரல் மில் வாசலுக்குப் போனது தொழிலாளர்கள் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று நம்பியதால். அவர் பெயரால் நடத்தும் விழாவில் தொழிலாளியைப் பேச வைப்பது அவருக்குச் செய்யும் முதல் மரியாதை.