விளக்கம் வரும்வரை கெடு நிற்குமா?

“விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். ஒன்றரை வருஷமாகக் காத்திருக்கிறோம். இனி வழக்குப் போடலாமா?” சிகிச்சையில் பாதிக்கப்பட்டவர்களின் கடிதங்களில் திரும்பத் திரும்ப வரும் கேள்வி இது.

போடலாம், ஆனால் விளக்கத்துக்காகக் காத்திருக்க வேண்டாம். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019-இன் 69-ஆம் பிரிவு தரும் அவகாசம் இரண்டே ஆண்டு. மருத்துவமனை ‘உள் விசாரணை’ நடத்துவதாகச் சொல்வதால் அது நீளாது. உள் விசாரணை என்பது மருத்துவமனை தன்னைத் தானே கேள்வி கேட்டு, பதிலையும் தானே வைத்துக்கொள்ளும் ஏற்பாடு.

இரண்டு ஆண்டு எப்போது தொடங்குகிறது என்பதில்தான் வினை. பாதிப்பு உடனே தெரிந்தால் அன்றே. உள்ளே மறைந்திருந்தால் தெரியவந்த நாளில். அல்லது, கவனமாக இருந்திருந்தால் தெரிந்திருக்கக்கூடிய நாளில். 2010-இல் உச்ச நீதிமன்றம் முடித்த வழக்கு ஒன்றில் அந்தப் பின்பாதிதான் நோயாளியைக் கவிழ்த்தது. 1993-இல் ஒரு செவிலியருக்குப் பித்தப்பை அறுவை சிகிச்சை. பிறகு வயிற்றுவலி, ஒன்பது வருஷம் வலி மாத்திரையில் ஓட்டினார். 2002-இல் வேறொரு மருத்துவமனையில் வயிற்றைத் திறந்தால், உள்ளே காஸ் துணி. அது வெளியே வந்து இரண்டு ஆண்டு முடியச் சில நாட்கள் இருக்கும்போதே, 2004-இல் புகார் கொடுத்துவிட்டார். புகார் காலம் கடந்தது என்றது நீதிமன்றம். செவிலியரான அவர், வலி விடாதபோதே அறுவை செய்த மருத்துவரிடம் போய்க் கேட்டிருக்க வேண்டுமாம். வலியைப் பொறுத்துக்கொண்டது அவர் தலையிலேயே விடிந்தது.

இங்கிலாந்தில் 2014 முதல் சொல்லும் பொறுப்பு மருத்துவமனையுடையது: கடும் பாதிப்பு நேர்ந்தால் அதுவே நோயாளியிடம் நடந்ததைச் சொல்லி, மன்னிப்புக் கேட்டு, எழுத்திலும் தர வேண்டும். மன்னிப்புக் கேட்டதாலேயே அலட்சியத்தை ஒப்புக்கொண்டதாகாது என்று அங்கே 2006-லேயே சட்டம் வந்துவிட்டது. இங்கே அந்தக் காப்பு இல்லை. டாக்டர் வாய் திறக்கத் தயங்குவதில் வியப்பில்லை.

ஆகவே நீங்கள்தான் கேட்க வேண்டும், எழுத்தில். சிகிச்சை ஆவணங்களைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்கிறது 2002-ஆம் ஆண்டு மருத்துவ நெறிமுறை விதி. டிஸ்சார்ஜ் சம்மரியோடு திரும்பிவிடாதீர்கள். கேஸ் ஷீட், ஆபரேஷன் குறிப்பு, நர்ஸ் குறிப்பு என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். விண்ணப்ப நகலில் சீலும் தேதியும் வாங்குங்கள். ‘ஏன் கேட்கவில்லை’ என்று நாளை யாராவது கேட்டால் அந்தத் தேதிதான் பதில்.

டாக்டர் ‘சாரி’ சொன்னால் வழக்கு ஜெயித்ததா? இல்லை, சாட்சியமாகலாம், அதுவே முடிவல்ல.

அரசு மருத்துவமனை? எல்லாருக்கும் எல்லாம் இலவசம் என்றால் நுகர்வோர் ஆணையத்தில் எடுபடாது (1995 தீர்ப்பு).

கெடு தாண்டிவிட்டால்? தக்க காரணம் காட்டி மனு போடலாம். ஏற்பது ஆணையத்தின் கையில்.

வக்கீல் கட்டாயமா? இல்லை. எதிர்த்தரப்பு வக்கீலோடுதான் வரும்.