லேசர் தடிச்சா பவர் ஏறுமா?

திருப்பூரில் துணி வெட்டுற லேசர் பெரும்பாலும் கார்பன் டை ஆக்சைடு வாயு லேசர். தகடு வெட்டவும், உலோகப் பட்டனில் பெயர் பொறிக்கவும் இருப்பது திடநிலை லேசர். "ஏனுங்க, யாக் லேசர்ல ராடு இன்னும் தடிமனா போட்டா பவர் ஏறாதுங்களா?" என்று பட்டறைக்காரர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். ஆனா ஏறாது. ஏன்னு பார்ப்போம்.

யாக் ராடு என்பது நியோடிமியம் கலந்த படிகத் தண்டு. 808 நானோமீட்டர் ஒளியை உள்ளே கொடுத்தால் 1064-ல் லேசர் வரும். அலைநீளம் கூடினால் ஆற்றல் குறைவு. ஆக, எல்லாம் கச்சிதமாக நடந்தாலும் 24 சதவீதம் படிகத்திலேயே வெப்பமாகத் தங்கிவிடும்.

அந்த வெப்பம் வெளியேற மேற்பரப்பு ஒன்றுதான் வழி. காம்பாக்டிங் முடிந்து சூடாகக் குவித்த துணியை நினைச்சுக்கோங்க: மேலே ஆறியிருக்கும், உள்ளே கைவிட்டால் சுடும். ராடிலும் நடு சூடு, விளிம்பு குளிர்ச்சி. இதனால் ராடே ஒரு குவிலென்ஸ் ஆகி, கற்றையின் தரத்தைக் கெடுக்கும். இன்னும் ஏற்றினால் படிகம் விரிசல் விடும்.

தடிமனாக்கினால் மேற்பரப்பு கூடும்தான். ஆனால் வெப்பம் கடக்கிற தூரமும் அதே அளவு கூடி, லாபத்தைத் தின்றுவிடும். நடுவுக்கும் விளிம்புக்கும் உள்ள வெப்பநிலை வித்தியாசம், ஒரு சென்டிமீட்டர் நீளத்தில் எவ்வளவு வெப்பம் பிறக்கிறது என்பதைப் பொறுத்தது. தடிமன் அந்தக் கணக்கிலேயே வராது.

அப்ப என்ன வழி? வடிவத்தை மாத்தணும். 1990-களில் ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட்டில் அடால்ஃப் கீசன் குழுவினர் படிகத்தை மெல்லிய வட்டாக்கி, பின்புறம் முழுவதையும் குளிர்வித்தார்கள். ஃபைபர் லேசரில் படிகத்துக்குப் பதில் கண்ணாடியை மீட்டர் கணக்கில் நூலாக இழுத்துவிட்டார்கள். வெப்பம் நீளம் முழுக்கப் பரவிவிடும். அதில் இருப்பது இட்டெர்பியம்; 976-ல் கொடுத்து 1070-ல் எடுத்தால் வெப்பமாகிற பங்கு 9 சதவீதம்தான். விளக்கு வைத்த பழைய யாக், மின்சாரத்தில் 2, 3 சதவீதத்தைத்தான் லேசராக்கும். ஃபைபர் 30 சதவீதத்தைத் தாண்டும்.

மீதி மின்சாரம் ஃபைபரிலும் வெப்பம்தான். பெரும்பகுதி ஒளியூட்டும் டயோடுகளில் பிறக்கிறது. அதனால்தான் பெரிய மிஷினுக்குச் சில்லர். அதில் போர்த் தண்ணி ஊத்தாதீங்க. உப்புப் படிந்தால் அது குழாய்க்குள் போர்வை மாதிரி; வெப்பம் வெளியேறாமல் பவர் இறங்கும். மழைக்காலத்தில் ரொம்பக் குளிராகவும் வைக்காதீங்க, லென்ஸில் பனி பூக்கும். மிஷின் வாங்கும்போது எத்தனை வாட்டுன்னு மட்டும் கேட்காம, வெப்பம் எந்த வழியா வெளியே போகுதுன்னும் கேளுங்க.