அறிவிப்புப் பலகையும் அதன் கடிகாரமும்

கரும்பலகையில் எழுதிய அறிவிப்புக்கு ஒரு குணம் உண்டு. நாளாக ஆக அதன் எழுத்துக்கள் மங்கும். அது பழைய செய்தி என்பதைப் பார்ப்பவர் தாமே உணர்ந்துகொள்வார். மின்னணு அறிவிப்புப் பலகைக்கு இக்குணம் இல்லை. நேற்றைய செய்தியையும் இன்றைய செய்தியையும் அது ஒரே பிரகாசத்துடன் காட்டும்.

இத்தகைய பலகைகள் இன்று ரயில் நிலையங்களிலும், மருத்துவமனைகளிலும், பள்ளிகளிலும், மீன்பிடித் துறைமுகங்களிலும் இடம் பெற்றுள்ளன. ஐதராபாத்தில் 1999-ஆம் ஆண்டில் நிறுவப்பெற்ற இந்தியப் பெருங்கடல் தகவல் சேவை மையம், கடல்நிலை பற்றிய செய்திகளை மீனவர்களுக்கு எட்டச் செய்யும் வழிகளுள் ஒன்றாக இவற்றைக் கையாண்டிருக்கிறது. பலகையைப் பொருத்துவதும் பேணுவதும் பெரும்பாலும் கள ஊழியர்களின் கடமையாகவும், பள்ளிகளில் ஆசிரியர்களின் கடமையாகவும் அமைகின்றன. அவர்களுக்குப் பயன்படும் சில செய்திகளை இங்குக் காண்போம்.

பலகையின் உறுப்புகள்

பலகையில் திரை ஒன்றும், அதனை இயக்கும் மீடியா பிளேயர் ஒன்றும் உண்டு. மீடியா பிளேயர் என்பது உள்ளங்கையில் அடங்கும் ஒரு கணினியே ஆகும். அது இணையத்தின் வழியே படங்களையும் அறிவிப்புகளையும் பெற்று, தன் மெமரி கார்டில் சேமித்து, குறித்த நேரத்தில் குறித்த வரிசைப்படி திரைக்கு அனுப்புகிறது. இணையம் அறுந்தாலும் சேமித்தவற்றை அது தொடர்ந்து காட்டும். இதுவே இச்சாதனத்தின் சிறப்பு. இதன் அபாயமும் இதுவே என்பதைப் பின்னர்க் காண்போம்.

மீடியா பிளேயர்கள் பல வகைப்படும். எளிதிற் கிடைப்பதும் பலரும் உபயோகிப்பதுமான ராஸ்பெரி பை 4 என்னும் கணினியை, 2019-இல் வெளிவந்த அதனை, இங்கு உதாரணமாகக் கொள்வோம்.

பொருத்தும் முறை

முதலில் கவனிக்க வேண்டியது மின்சாரம். இக்கணினிக்கு 5.1 வோல்ட் அழுத்தத்தில் 3 ஆம்பியர் வரை மின்னோட்டம் தரவல்ல சார்ஜர் வேண்டும். கைபேசியின் பழைய சார்ஜரையோ, நீண்ட மெல்லிய கம்பியையோ இணைத்தால் அழுத்தம் குறையும். ஏறத்தாழ 4.63 வோல்ட்டுக்குக் கீழே இறங்கினால், திரையின் மூலையில் மின்னல் போன்ற குறி தோன்றும். படம் தடைப்படுவதும், கருவி தானாகவே மீண்டும் தொடங்குவதும், மெமரி கார்டு பழுதாவதும் பல வேளைகளில் இதன் விளைவுகளே. எனவே மென்பொருளை மாற்ற முற்படுமுன் சார்ஜரை மாற்றிப் பார்த்தல் நலம்.

இரண்டாவது, திரைக்குச் செல்லும் எச்.டி.எம்.ஐ. கம்பி. இக்கணினியில் அதற்கு இரு துளைகள் உள்ளன. மின்சாரத் துளைக்கு அருகில் உள்ளதையே உபயோகிக்க வேண்டும். கருவி தொடங்கும்பொழுது, திரை எத்தகைய படத்தை ஏற்கும் என்பதைத் திரையிடமிருந்தே கேட்டறிகிறது. அவ்வேளையில் திரை அணைந்திருப்பின் விடை கிடைக்காமற் போகலாம். படமும் வராமற் போகலாம். ஆகவே திரையை முதலிலும் கருவியை அடுத்தும் இயக்குக.

மூன்றாவது, உஷ்ணம். கணினியின் சில்லு 80 டிகிரி சென்டிகிரேடை எட்டியதும், தன்னைக் காத்துக்கொள்ளும் பொருட்டு வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். காலையில் நன்கு ஓடிய படம் நண்பகலில் தடைப்படின், வெயில் படும் மூடிய பெட்டியே காரணமா என்று பார்க்க வேண்டும். காற்றோட்டத் துளைகளும் நிழலும் போதிய பரிகாரமாகும்.

தமிழ் எழுத்துக்கள்

தமிழ் அறிவிப்புகளில் தனியான ஓர் இடர்ப்பாடு உண்டு. தமிழ் எழுத்துரு கருவியில் இல்லையெனில் எழுத்துக்களுக்குப் பதிலாகக் கட்டங்கள் தோன்றும். எழுத்துரு இருந்தும், 'கெ' என்னும் எழுத்தில் கொம்பு ககரத்திற்குப் பின்னால் நிற்பதும் உண்டு. யூனிகோட் முறையில் மெய்யெழுத்து முதலிலும் கொம்பு அடுத்துமாகவே சேமிக்கப்படுகின்றன. கொம்பை முன்னே நகர்த்துவது திரையில் எழுதும் மென்பொருளின் வேலை. அதனைச் செய்யவல்ல மென்பொருள் இல்லாவிடத்து, அறிவிப்பை வேறொரு கணினியில் தயாரித்துப் படமாகச் சேமித்து அனுப்புவதே எளிய வழி.

கடிகாரம்

இனி முக்கியமான பொருளுக்கு வருவோம். ராஸ்பெரி பை 4-இல், மின்சாரம் நின்றபின் ஓடிக்கொண்டிருக்கும் கடிகாரம் கிடையாது. இணையத்திலிருந்தே அது நேரத்தைக் கேட்டறிகிறது. இணையம் இல்லையேல், தான் கடைசியாகக் குறித்து வைத்த நேரத்திலிருந்து எண்ணத் தொடங்குகிறது.

ஒரு மீன்பிடித் துறைமுகத்தை எண்ணிப் பார்ப்போம். அலை மிதமாக இருக்கும் என்னும் அறிவிப்பு நள்ளிரவு 12 மணி வரை செல்லத்தக்கது. இரவு 8 மணிக்கு மின்சாரம் தடைப்பட்டு, விடியற்காலை 3 மணிக்குத் திரும்புகிறது, இணையம் திரும்பவில்லை. கருவியோ மணி இரவு 8 என்றே எண்ணுகிறது. காலாவதியான அறிவிப்பை, உண்மையில் காலை 7 மணி ஆகும் வரையில், அது காட்டிக்கொண்டிருக்கும். இதற்கிடையில் கடல்நிலை மாறியிருக்கலாம். 4 மணிக்குப் படகுகள் புறப்பட்டிருக்கும். மின்சாரமும் இணையமும் ஒருங்கே அறுபடுவது புயற்காலத்தில்தான். அறிவிப்பு மிகவும் தேவைப்படும் வேளையும் அதுவே.

மற்றொரு பிழை, நேர மண்டலத்தை இந்திய நேரத்துக்கு மாற்றாமல் விடுவது. உலகப் பொது நேரத்துக்கு நம் நேரம் 5 மணி 30 நிமிடம் முற்பட்டது. ஆகவே விடியற்காலை 4 மணிக்கென்று குறித்த அறிவிப்பு 9.30 மணிக்கே திரையில் தோன்றும்.

இவற்றுக்குப் பரிகாரம் மூன்று. முதலாவது, மின்கலத்துடன் கூடிய சிறு கடிகாரச் சில்லு ஒன்றைக் கருவியில் இணைத்தல். 2023-இல் வெளிவந்த ராஸ்பெரி பை 5-இல் இச்சில்லு உண்டு. எனினும் அதற்குரிய மின்கலத்தைத் தனியே இணைக்க வேண்டும். இரண்டாவது, ஒவ்வோர் அறிவிப்பிலும் அது வெளியான நாளையும் நேரத்தையும், செல்லத்தக்க கால எல்லையையும் பெரிய எழுத்தில் பொறித்தல். மூன்றாவது, புதிய செய்தி இல்லாதபொழுது காட்டுவதற்கென ஒரு பொது அறிவிப்பை வைத்தல். அதில் 'எச்சரிக்கை ஏதுமில்லை' என்று எழுதலாகாது. 'புதிய செய்தி வரவில்லை, அலுவலகத்தில் விசாரிக்கவும்' என்றே எழுத வேண்டும்.

கோளாறு அறியும் வரிசை

கோளாறு நேர்ந்தால் பின்வரும் வரிசையில் ஆராய்க. ஒரு வேளையில் ஒன்றை மட்டும் மாற்றுக.

1. கருவியின் விளக்கு எரிகிறதா? இல்லையேல் சார்ஜரையும் கம்பியையும் மாற்றுக.

2. விளக்கு எரிந்தும் திரை இருண்டிருப்பின், திரை சரியான உள்ளீட்டில் உள்ளதா என்று பார்த்து, கருவியை மீண்டும் தொடங்குக.

3. கருவி தொடங்கவே இல்லையெனில் மெமரி கார்டை மாற்றுக. அமைப்புகள் யாவும் அடங்கிய மற்றொரு கார்டை எப்பொழுதும் கைவசம் வைத்திருத்தல் நன்று.

4. பழைய செய்தியே வருகிறதெனில் இணையத்தையும், அடுத்துக் கடிகாரத்தையும் சோதிக்க.

பொருத்தி முடித்த அன்றே ஒரு சோதனை செய்க. இணையக் கம்பியை எடுத்துவிட்டு, கருவியை முறைப்படி அணைத்து, பத்து நிமிடம் கழித்து மீண்டும் இயக்குக. கருவியின் நேரத்தைக் கைக்கடிகாரத்துடன் ஒப்பிடுக. பத்து நிமிடம் பின்தங்கியிருப்பின், கடிகாரச் சில்லு இணைக்கப்படும் வரையில் அப்பலகையை எச்சரிக்கை அறிவிப்புகளுக்கு நம்புதல் தகாது. பள்ளிகளில் இச்சோதனையை மாணவர் முன்னிலையில் செய்து காட்டலாம். நேரம் என்பது கணினிக்கு எங்கிருந்து வருகிறது என்னும் பாடம் அதனால் எளிதில் விளங்கும்.

திரை இருண்டு கிடந்தால் மக்கள் அலுவலகத்துக்கு வந்து விசாரிப்பார்கள். பழைய செய்தி பளிச்சென்று ஒளிருமாயின் ஒருவரும் விசாரிக்க மாட்டார்கள். ஆதலின் பலகை எரிகிறதா என்று பார்ப்பதோடு ஊழியரின் கடமை முடிவதில்லை. அது இன்றைய செய்தியைத்தான் சொல்கிறதா என்று நாள்தோறும் பார்ப்பதும் அக்கடமையைச் சேர்ந்ததே.