நாப்ளியோவுக்கு ஒரு நடை

கிரீஸ் தேசம் என்றதும் ஆதென்ஸ் நகரமும் குன்றின் மேல் நிற்கும் பார்த்தினான் கோயிலுந்தான் எல்லோருக்கும் ஞாபகம் வரும். போகிறவர்களும் அதைப் பார்த்து, நாலு படம் எடுத்துக்கொண்டு, கப்பலேறித் தீவுகளுக்குப் போய்விடுகிறார்கள். நீங்கள் அப்படிச் செய்துவிடாதீர்கள். ஆதென்ஸில் பஸ் ஏறினால் இரண்டு, இரண்டரை மணி நேரத்தில் ஆர்கோலிஸ் கடற்கரையை அடைந்துவிடலாம். வழியில் தூங்கிவிட வேண்டாம். கொரிந்த் கால்வாய் வரும். பாறையைச் செங்குத்தாக வெட்டி 1893-ல் திறந்த கால்வாய். ஆனால் இந்தக் காலத்துப் பெரிய கப்பல்களுக்கு இதற்குள் இடமில்லை!

நாப்ளியோ சின்னஞ்சிறு துறைமுகம். துருக்கியரிடமிருந்து விடுபட்ட கிரீஸுக்கு 1834 வரையில் இதுதான் தலைநகரம். குறுகலான சந்துகள், படிப்படியாக ஏறும் தெருக்கள், மாடங்களிலிருந்து வழியும் காகிதப் பூக்கள். சலவைக்கல் பாவிய சதுக்கத்தில் உட்கார்ந்து காப்பி கேளுங்கள். தூளை வடிகட்டாமலே சிறு கோப்பையில் ஊற்றித் தருவார்கள். அடி வரை குடித்துவிடக் கூடாது, வாயெல்லாம் மண்டியாகிவிடும்.

தலைக்கு மேலே பலமிடிக் கோட்டை. படிகள் 999 என்பது ஊரார் கணக்கு. பொறுமையாக எண்ணியவர்களுக்கு அவ்வளவு தேறவில்லை. முழங்கால் வலிக்காரர்களுக்கு மோட்டார் போகும் பாதை இருக்கிறது. வெனிஸ்காரர்கள் பாடுபட்டு 1714-ல் கட்டி முடித்தார்கள். மறு வருஷமே துருக்கியர் பிடித்துக்கொண்டார்கள். கீழே கடலுக்கு நடுவில் இன்னொரு குட்டிக் கோட்டை தெரியும். கோட்டைச் சிறைக் கைதிகளின் தலையை வெட்டுகிறவன் சென்ற நூற்றாண்டுக்கு முந்திய நூற்றாண்டில் அங்கேதான் குடியிருந்தான். அவனை ஊருக்குள் வைத்துக்கொள்ள ஜனங்களுக்கு மனமில்லை.

இந்தத் துறைமுகத்தை 1821-ல் கப்பலோடு வந்து முற்றுகையிட்டவர்களில் ஒருவர் ஒரு பெண்மணி. பெயர் பூபுலினா. பிறந்ததே சிறைச்சாலையில்தான்! கான்ஸ்டாண்டிநோபிளில் கைதியாயிருந்த கணவனைப் பார்க்கப் போன தாய், 1771-ல் அங்கேயே அவரைப் பெற்றாள். வளர்ந்து ஸ்பெட்ஸே தீவில் வாழ்க்கைப்பட்டார். மாலுமியான முதல் கணவர் இறந்தார். மறுமணம் செய்துகொண்ட இரண்டாமவரையும் கடற்கொள்ளைக்காரர்கள் கொன்றார்கள். குழந்தைகளும் கப்பல்களும் கையில் மிஞ்சின. மூலையில் உட்காரவில்லை அந்த அம்மாள். வியாபாரத்தைத் தாமே நடத்தினார். பதினெட்டுப் பீரங்கிகளோடு 'அகமெம்னான்' என்ற கப்பலைக் கட்டினார். புரட்சி வெடித்ததும் சொத்தையெல்லாம் மாலுமிகளின் சம்பளத்துக்கும் உணவுக்கும் கொட்டினார். மகன் ஆர்கோஸ் அருகே போரில் மடிந்தான். 1822 முடிகிற சமயத்தில் நாப்ளியோ விழுந்தது.

இதற்கு அவர் கண்ட கைம்மாறு என்ன தெரியுமா? தலைவர்கள் தங்களுக்குள் சண்டையிட்டுக்கொண்டார்கள். தோற்ற கட்சியைச் சேர்ந்த சம்பந்தி கொலகோத்ரோனிஸுக்காகப் பரிந்து பேசியதற்காக, எந்த ஊரை மீட்டாரோ அந்த ஊரிலிருந்தே அவரை வெளியேற்றினார்கள். 1825-ல் சொந்தத் தீவில், மகனுடைய காதல் விவகாரத்தில் மூண்ட தகராறில், குண்டுக்கு இரையானார். பிற்பாடு ஒரு டிராக்மா நாணயத்தில் அவர் உருவத்தைப் பொறித்தார்கள். யூரோ வந்த பிறகு அந்த நாணயமும் போய்விட்டது. ஸ்பெட்ஸேயில் அவர் வீடு பொருட்காட்சிசாலையாக இருக்கிறது. கோஸ்டா துறையிலிருந்து படகில் கொஞ்ச நேரந்தான்.

கப்பலுக்குப் பெயர் கொடுத்த அகமெம்னான் ஆண்டதாகச் சொல்லும் மைசீனே, நாப்ளியோவிலிருந்து எட்டிப்பிடிக்கும் தூரம். சிங்க வாசல் மூவாயிரத்து இருநூறு வருஷங்களுக்கு மேற்பட்டது. சிங்கங்களுக்குத் தலைகள்தான் இல்லை. கப்பல்களுக்குக் காற்று வேண்டிப் பெற்ற மகளையே பலி கொடுத்தான் அகமெம்னான் என்பது கதை. டிராய் போர் முடிந்து திரும்பியவனை மனைவி கிளிடெம்னெஸ்திரா கொன்றாள். கொலைகாரி என்று உலகம் சொல்லட்டும். மகளைப் பெற்றவர்கள் சற்றுத் தயங்குவார்கள் என்றே நினைக்கிறேன். 1876-ல் இங்கே தோண்டிய ஷ்லீமனுக்குத் தங்க முகமூடி கிடைத்தது. அகமெம்னானுடையது என்று எல்லோரும் குதூகலித்தார்கள். பிற்பாடு பார்த்தால் அது அவன் காலத்துக்கும் சுமார் முந்நூறு வருஷம் முந்தியது! இப்போது ஆதென்ஸ் பொருட்காட்சிசாலையில் இருக்கிறது.

எபிடாரஸுக்கு ஒரு மாலைப் பொழுதை ஒதுக்குங்கள். வைத்தியக் கடவுள் அஸ்கிளீபியஸின் தலம். நோயாளிகள் இரவில் அங்கே படுத்துத் தூங்கினால் தேவன் கனவில் வந்து குணப்படுத்துவானாம். ஐந்து வருஷமாகக் கர்ப்பம் சுமந்த கிளியோ என்பவள் அங்கே தூங்கி எழுந்து பிள்ளை பெற்றாள் என்றும், அந்தப் பிள்ளை பிறந்த உடனே தானே ஊற்றில் குளித்தது என்றும் கல்வெட்டே சொல்கிறது. நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். பக்கத்திலுள்ள திறந்தவெளி நாடக அரங்கம் கி.மு. நாலாம் நூற்றாண்டில் கட்டியது, ஐம்பத்தைந்து வரிசைகள், பன்னிரண்டாயிரம் பேருக்கு மேல் உட்காரலாம். கோடையில் இன்றும் பழைய நாடகங்களை நடத்துகிறார்கள். 1960-ல் மரியா காலஸ் இங்கே பாடினார். பகலில் போனால் ஒருவரை நடுவில் நிறுத்திவிட்டுக் கடைசி வரிசைக்கு ஏறிப் போங்கள். அவர் பேசுவது மேலே கேட்கும். ஆகையால் அங்கே நின்றுகொண்டு நாத்தனாரைப் பற்றி மட்டும் எதுவும் சொல்ல வேண்டாம்.